நெற்றிக்கண்ணும் குற்றமும்: ஒரு தொடரின் வழக்காறு

கவியரங்கு முடிந்து கருத்துரை தொடங்கியதும் தஞ்சைப் பகுதி அவைகளில் தவறாமல் எழும் தொடர் ஒன்று உண்டு. தளை தட்டிய வெண்பாவைச் சுட்ட எழுபவர், ‘நெற்றிக்கண்ணைத் திறப்பினும் குற்றம் குற்றமே’ என்று தொடங்குவார். அவை சிரிக்கும், வெண்பாவுக்கு உரியவர் மட்டும் சிரிப்பதில்லை. அவ்வாறு பேசியவர் எவரை நினைந்தார்? நக்கீரரையா, பரஞ்சோதியாரையா, திரைப்படத்தையா? எவரையும் நினையாமல், நாவில் வந்த வழக்குத்தொடரை எடுத்தாண்டார் என்பதே சரியா? மக்கள் வாயில் அன்றாடம் புழங்கும் ஒரு தொடரைத் திரைப்படக் குறிப்பு எனக் கொள்ளலாமா என்னும் வினாவுக்கு இதனினும் தக்க சான்று எனக்குத் தோன்றவில்லை.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு இறையனார் பெயரில் உள்ளது. அதில் தருமியும் இல்லை, பொற்கிழியும் இல்லை. தும்பியும் கூந்தலுமே உள்ளன. ஏழாம் நூற்றாண்டில் அப்பரடிகள், திருப்புத்தூர்த் தாண்டகத்தில், இறைவன் புலவனாய்ச் சங்கமேறித் தருமிக்குப் பொற்கிழி அருளியதைப் போகிற போக்கில் சுட்டிச் செல்கிறார். கதையை விரிக்கவில்லை, கேட்போர் அறிவர் என்னும் துணிவு அவருக்கு இருந்தது. அதனைப் பின்னர் விரித்துப் பாடியவர்களுள் ஒருவர் நம் காவிரிப் படுகையின் கடைக்கோடியாகிய திருமறைக்காட்டில் தோன்றிய பரஞ்சோதி முனிவர். அவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில், இறைவன் நெற்றிக்கண்ணைச் சிறிதே காட்டிய பின்னர்தான் நக்கீரர் விடையிறுக்கிறார். இந்திரனைப் போல் உடல் முழுதும் கண்ணானாலும் பாட்டின் குற்றம் குற்றமே என்பது அவர் வாதம். பிறகு வெப்பம் தாங்காது பொற்றாமரைக் குளத்தில் வீழ்கிறார். நம் வழக்குத்தொடரிலோ கண் இன்னும் திறக்கவேயில்லை. ‘திறப்பினும்’ என்பது வரக்கூடிய சினத்தை நோக்கிய அறைகூவல். புராணத்தில் உள்ளதோ, வந்துவிட்ட சினத்தின் முன் நின்று சொன்ன விடை. இரண்டாவதற்கே நெஞ்சுரம் மிகுதியும் வேண்டும். ஆயினும் மாணவர் விடைத்தாள்களில் வழக்குத்தொடரே புராண அடியாக மேற்கோள் குறிக்குள் இடம்பெறுகிறது.

இந்த வடிவத்தைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது 1965ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருவிளையாடல்’. ஏ. பி. நாகராஜன் அதனை இயக்கியதோடு, தாமே நக்கீரராகவும் தோன்றினார். சிவாஜி கணேசன் இறைவன், நாகேஷ் தருமி. அதன் உரையாடல் இசைத்தட்டாகவும் பின்னர் ஒலிநாடாவாகவும் வந்து, திருமணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் முழங்கியதை நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள். படம் பாராதவரும் அதனைச் செவிவழியே மனப்பாடம் செய்தனர். (ஏடு புரட்டாது கேட்டே கற்றல் நமக்குப் புதிதன்று.) ஒருவர் குரலைக் கனப்படுத்தி, விரலை உயர்த்தி அத்தொடரைச் சொல்வாராயின் அது ஐயமின்றிப் படக் குறிப்பு. அதுவே தலையங்கம் ஒன்றில் அச்சேறும்போது அவ்வாறு கூற இயலுமா?

தொடரின் பிறப்பிடம் அறியாதவர்க்குப் பொருளில் ஏதேனும் குறைகிறதா என்பதே நான் கொள்ளும் அளவுகோல். 2001ஆம் ஆண்டு வந்த ‘ப்ரண்ட்ஸ்’ படத்தின் நேசமணிக்காக 2019 மே மாதம் இணையத்தில் எழுந்த வேண்டுதல், வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியலை அறியாதவர்க்கு வெற்றொலி. அது முழுக் குறிப்பு. 1977இல் ‘16 வயதினிலே’ படத்தின் பரட்டை சொன்ன ‘இது எப்படி இருக்கு’ என்பதில் புதுச்சொல் ஒன்றுமில்லை. அதற்கு முன்பும் எல்லாரும் கேட்ட கேள்விதான். ரஜினிகாந்தின் இழுப்பு கூடினால் குறிப்பு. கூடாவிட்டால் கடைக்காரரிடம் துணி வாங்குவோர் கேட்கும் வினா. 1954இல் வந்த ‘மனோகரா’வில், திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி எழுதிக் கண்ணாம்பா பேசிய ‘பொறுத்தது போதும், பொங்கி எழு’ என்பது வேறு வகை. சோறும் பாலும் ஆற்றுநீரும் பொங்கக் கண்ட இந்நாட்டு உழவர்க்கு அச்சொல்லை விளக்கப் படம் வேண்டியதில்லை. மோனை வேறு அதற்குத் துணை நின்றது. அரண்மனையும் அரசியும் உதிர்ந்து, இன்று அது முழக்கம் மட்டுமே.

அப்பரடிகளிடமே மீண்டும் வருவோம். அவர் திருவாரூரில் பாடிய பழமொழிப் பதிகத்தில் பாட்டுத்தோறும் ஒரு பழமொழி அமைந்துள்ளது. முயலை விட்டுக் காக்கையின் பின் போனவனும், இருட்டறையில் மலட்டுப் பசுவைக் கறந்து களைத்தவனும் அங்கே வருகின்றனர். பழமிருக்கக் காயைக் கவரும் செய்தியும் வருகிறது. அவ்வுவமை திருக்குறளின் நூறாம் குறளிலும் உண்டு. அப்பர் வள்ளுவரைச் சுட்டினார் என்பார் உளர். சூழ நிற்கும் ஏனையவை ஊரார் வாய்மொழிகளாய் இருக்க, இதனை மட்டும் நூற்குறிப்பாகப் பிரித்தல் பொருந்தாது என்பது என் துணிபு. திருப்புத்தூரில் தருமியைச் சுட்டியவர் கதையறிந்தோரை நோக்கிப் பாடினார்; ஆரூரில் கறவைமாடு கண்ட எவர்க்கும் பாடினார்.

இது வெறும் வகைப்பாட்டுச் சிக்கலன்று. பழமொழி நானூற்றில் முன்றுறையரையனார் எடுத்தாண்டவை அன்று உரை வேண்டாத தொடர்கள். அவற்றுட் பல இன்று உரையின்றி விளங்கா. பீட்டர் பெர்சிவல் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. அவற்றுள் எவை கூத்து மேடையில் பிறந்தவை, எவை களத்துமேட்டில் பிறந்தவை என்று தேடுவோர்க்குப் பெரும்பாலும் ஏமாற்றமே. நம் வட்டத்துக் கவிஞர்களும் பரட்டையையும் தருமியையும் தாராளமாக ஆளுகின்றனர். அடுத்த தொகுப்பு அச்சேறுமுன், படத்தின் பெயரையும் ஆண்டையும் அடிக்குறிப்பாகத் தருமாறு அவர்களை வேண்டுகிறேன். எழுதியவர் நம்மிடையே இருக்கும்போது அதற்கு ஒரு வரி போதும்.