கட்டிங் ஆர்டருக்கு முன்னும் பின்னும்: பணமும் மனநிறைவும் பற்றி மோகனூர் வயல்களிலிருந்து ஒரு வாதம்

பணம் கூடினால் மகிழ்ச்சி கூடுமா என்று பொருளியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். கேட்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவருடைய ஆண்டு வருமானத்தை ஒரு பத்தியில் எழுதிக்கொள்வார்கள். தம் வாழ்க்கைக்கு அவர் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுகிறார் என்பதை அடுத்த பத்தியில் எழுதுவார்கள். இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பார்ப்பார்கள். இந்தக் கணக்கேட்டில் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பணம் எப்போது கைக்கு வருகிறது, வரும்போது அதில் எவ்வளவு ஏற்கெனவே அடுத்தவருக்குச் சொந்தம் என்பது அந்தப் பத்தி. மாதச் சம்பளம் வாங்குவோரிடம் இது அவ்வளவாகத் தெரியாது. ஆண்டுக்கு ஒரு முறை பணம் பார்க்கும் வீடுகளில் மறைக்க முடியாதபடி தெரியும்.

மோகனூரில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரியின் இடக்கரையில், ஆற்றுக்கு அக்கரை வாங்கலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் இது. ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரியும் ராஜவாய்க்காலும் அதன் கிளை வாய்க்கால்களும் பரமத்திவேலூர் தொடங்கி இங்குவரை கரும்பையும் வாழையையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் வளர்க்கின்றன. சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதும் இங்கேதான். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் ஆலையின் பெயரில் சேலம் அப்படியே நிற்கிறது.

கரும்பின் பணக்கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கரணை ஊன்றி ஆலைக்கு அனுப்பும்வரை ஏறத்தாழ ஓராண்டு. 2024-25 அரவைப் பருவத்துக்கு, 9.5 விழுக்காடும் அதற்குக் கீழும் சர்க்கரைக் கட்டுமானம் உள்ள கரும்புக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை டன்னுக்கு 3,151 ரூபாய். தமிழ்நாடு அரசு அறிவித்த 349 ரூபாய் ஊக்கத்தொகையைச் சேர்த்தால் 3,500. ஏக்கருக்கு நாற்பது டன் விளைந்ததாக வைத்துக்கொண்டால் 1,40,000 ரூபாய். தொகை சிறியதில்லை. ஆனால் உழவுக் கூலி, உரம், சோகை உரித்த கூலி, கடைசியில் வெட்டுக்கூலி எல்லாம் அந்தப் பணம் வரும் முன்பே கொடுத்தாக வேண்டியவை. நடுவில் பள்ளிக் கட்டணம் வரும், ஒரு சீர் வரும், ஒரு மருத்துவச் செலவு வரும். முதலில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன். அது தீர்ந்தால் வளையலோ சங்கிலியோ அடகுக்குப் போகும். அதுவும் போதாவிட்டால் தெரிந்தவரிடம் இரண்டு ரூபாய் வட்டி. இரண்டு ரூபாய் என்று வாயால் சொல்ல இலேசாக இருக்கிறது. மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு.

இந்த நிலையில் வீட்டில் எல்லோரும் எதிர்பார்ப்பது கட்டிங் ஆர்டர் என்று ஆலை தரும் வெட்டு உத்தரவை. வெட்டும் நாளை விவசாயி தீர்மானிப்பதில்லை. பதிந்த தேதி, ரகம், ஆலையின் அரவைத் திறன், வெட்டாட்கள் கிடைப்பது எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. முற்றிய கரும்பு நிற்க நிற்க எடை இறங்கும். வெட்டி அனுப்பிய பிறகு, 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பதினான்கு நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர வேண்டும். நிலுவைக்காகக் கரும்பு விவசாயிகள் ஆட்சியர் அலுவலகங்களின் முன் உட்கார்ந்த வரலாறு தமிழ்நாட்டில் நீளமானது. சட்டம் 15 என்கிறது, வெளிவட்டி 24 என்கிறது. நிலுவை நிற்கும் ஒவ்வொரு நாளும் இந்த ஒன்பது விழுக்காட்டு இடைவெளி விவசாயியின் தலையில் விழுகிறது. சட்டப்படியான வட்டி ஒழுங்காக வந்து சேர்ந்தால்கூட.

வெட்டும் நாள் விவசாயியின் கையில் இல்லாத இந்தத் தன்மையைத்தான் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் ஆய்வுக் கருவியாக மாற்றிக்கொண்டார்கள். 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அவர்கள் கட்டுரை, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தது. ஒரே ஊரில் ஒருவருக்கு இந்த மாதம் வெட்டு, பக்கத்துக் காட்டுக்காரருக்கு மூன்று மாதம் கழித்து வெட்டு. ஆகவே காணும் வேறுபாட்டுக்குப் பருவமோ பண்டிகையோ காரணம் என்று தள்ளிவிட முடியாது. அறுவடைக்கு முன்பு 78 விழுக்காட்டினர் எதையோ அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 விழுக்காட்டினர். எழுத்தறிவு தேவைப்படாத வடிவப் புதிர்களில் அதே மனிதர்கள் முன்பு சராசரியாக 4.35 விடையும் பின்பு 5.45 விடையும் சரியாகச் சொன்னார்கள். கவனத்தைச் சோதிக்கும் இன்னொரு தேர்வை முடிக்க முன்பு 146 நொடி ஆனது, பின்பு 131. மாறியது பணநிலை மட்டும்.

இது மகிழ்ச்சியைப் பற்றிய ஆய்வில்லை என்று யாராவது சொல்லலாம். சரிதான். ஆனால் மகிழ்ச்சியை அளக்கும் ஆய்வுகள் பிடிக்கத் தவறியதை இது பிடித்திருக்கிறது என்பது என் கருத்து. பணமில்லாமை ஒரு குறையாக மட்டும் இருப்பதில்லை, வேலையாகவும் இருக்கிறது. எந்த நகையை மீட்டு எதை வைப்பது, எந்தக் கடைக்காரரிடம் இன்னும் ஒரு வாரம் தவணை கேட்க முடியும், யார் வரும் வழியில் போகாமல் இருப்பது என்று மனம் இடையறாது கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கிலிருந்து விடுதலைதான் பணத்திடம் முதலில் கிடைப்பது.

மேலை ஆய்வுகளின் வழக்கை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சில முடிச்சுகள் இளகும். 1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின், ஒரு நாட்டுக்குள் செல்வர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருந்தாலும் நாடு மொத்தமாகச் செல்வம் சேர்க்கும்போது சராசரி மகிழ்ச்சி ஏறுவதில்லை என்றார். 2010இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களின் நான்கரை லட்சம் பதில்களைக் கொண்டு, அன்றாட மனநிலை ஆண்டுக்கு 75,000 டாலர் வருமானத்துக்கு மேல் உயர்வதில்லை, வாழ்க்கை மதிப்பீடு மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது என்று காட்டினார்கள். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் கைப்பேசி வழி 33,000 பேருக்கு மேல் கேட்டு, அப்படியொரு உச்சவரம்பே இல்லை என்றார். முரண்பட்ட கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு 2023இல் சேர்ந்தே எழுதினார்கள். நம் ஊர்ப் பட்டிமன்றங்களில் காணக் கிடைக்காத காட்சி. பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சி ஏறுகிறது. மிகவும் துயரத்தில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஓர் அளவுவரை ஏறிப் பிறகு நின்றுவிடுகிறது என்று முடிவு கண்டார்கள்.

இங்கே ஏறுகிறது என்பது மடக்கைக் கணக்கில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாதம் பத்தாயிரம் இருபதாயிரமானால் எவ்வளவு ஏற்றமோ, இரண்டு லட்சம் நான்கு லட்சமானாலும் அதே ஏற்றம்தான். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் ஒருவருக்கு ஒரு படி ஏறத் தேவைப்படும் தொகையில் கரும்பு வெட்டும் எத்தனையோ குடும்பங்கள் ஒரு படி ஏறிவிடும். உச்சவரம்பு உண்டா இல்லையா என்ற சண்டையில் இந்த எளிய உண்மை அடிபட்டுப் போகிறது.

என் வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு சான்று உண்டு. 2016இல் கர்வால்யோ, மையர், வாங் ஆகிய மூவரும் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்தபோது சிந்தனைத் திறனில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. விழுப்புரத்து முடிவு அங்கே போய்ச் சேரவில்லை என்பதால் அதைச் சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது வேறுவிதமாகப் படுகிறது. சம்பள நாள் நிச்சயமான நாள். இன்னும் சில நாளில் வந்துவிடும். கட்டிங் ஆர்டர் அப்படியில்லை. காத்திருப்பின் நீளமும் தேதி தெரியாமையும் வட்டியோடு சேர்ந்துதான் மனத்தைத் தின்கின்றன என்றால், இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே முரண் இல்லை. இது என் ஊகமே. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துச் சோதித்த ஆய்வைக் கொண்டு இதை நான் நிறுவவில்லை. ஒடிசாவில் இலைத் தட்டுத் தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஒரு சோதனை மட்டும் இதற்குத் துணை நிற்கிறது. சேர வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்குச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். மொத்தக் கூலியில் மாற்றமில்லை. முன்னதாகப் பெற்றவர்களின் உற்பத்தி கூடியது, தவறுகள் குறைந்தன. ஏழ்மை மிகுந்தவர்களிடம் விளைவு இன்னும் தெளிவாக இருந்தது.

முன்னதாக வந்தால் மட்டும் போதுமா? போதாது. கரும்பு வெட்ட வரும் குடும்பங்களுக்குப் பணம் வேலைக்கு முன்பே வருகிறது, மேஸ்திரியின் முன்பணமாக. விவசாயிக்குக் கடைசியில் வருவதும் வெட்டாளுக்கு முதலிலேயே வருவதும் எதிரெதிராகத் தோன்றும். ஆனால் எந்த நாளில், எந்த நிபந்தனையில் என்று சொல்லும் உரிமை இருவரிடமும் இல்லை. முன்பணம் கூலியாக மாறுவதற்குள் கடனாகிவிடுகிறது.

கடனின் கொடிய முனையும் நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி 2025 ஜூலையில் வெளியாகி அரசு விசாரணைக்குப் போனது. இத்தகைய விற்பனையால் விற்றவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு நம்மிடம் பழைய சான்று உண்டு. 2001 பிப்ரவரியில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை மாதவ் கோயலும் உடன் ஆய்வாளர்களும் நேரில் கண்டு, அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். 96 விழுக்காட்டினர் விற்றது கடன் அடைக்க. சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர். அவர்களுடைய அளவில் பெருந்தொகை. ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் கடனிலேயே இருந்தார்கள். வருமானப் பத்தியை மட்டும் நிரப்பும் ஆய்வாளருக்கு, சிறுநீரகம் விற்ற ஆண்டு அவர்கள் வருமானம் உயர்ந்த ஆண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடன் தீர்ந்த பிறகு பணம் வேறொரு தொழிலில் இறங்குகிறது. லாரி, முட்டை, தனியார் பள்ளி, ஆழ்துளைக் கிணறு வண்டி என்று இந்த மாவட்டம் இரண்டு தலைமுறையில் கண்ட செல்வம் கண்ணுக்குத் தெரியும் செல்வம். பக்கத்து வீட்டுப் பிள்ளை நாமக்கல் விடுதிப் பள்ளிக்குப் போனால் நம் பிள்ளையும் போக வேண்டும். மண்டபம் பெரிதாக வேண்டும். பவுன் கூட வேண்டும். ஃபிரெட் ஹிர்ஷ் 1976இல் விளக்கிய நிலைப் பண்டங்கள் இவை: எல்லோரும் வாங்கினால் யாருக்கும் உயர்வு இல்லை. ஈஸ்டர்லின் சொன்ன முரண் இந்தத் தளத்தில் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். அதை எடுத்துக்கொண்டு வந்து அடகுக்கடைப் படியில் நிற்பவரிடம், பணத்தால் நிம்மதி வராது என்று உபதேசிப்பதைத்தான் ஒப்ப முடியவில்லை. அந்த உபதேசம் பெரும்பாலும் கடனில்லாதவர்கள் வாயிலிருந்தே வருகிறது.

வள்ளுவர் இந்தப் பிழையைச் செய்யவில்லை. பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், நல்குரவு, இரவு, இரவச்சம் என்று வறுமையையும் கையேந்துவதையும் சுற்றியே மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். பயன்படாத செல்வத்தைப் பழிக்க நன்றியில் செல்வம் தனியே இருக்கிறது. செல்வம் தரும் இன்பத்தையும் வறுமை தரும் துன்பத்தையும் ஒரே அளவுகோலின் இரு முனைகளாக அவர் கருதவில்லை என்றே இந்த அடுக்கை நான் வாசிக்கிறேன். பத்துப்படி ஏணியைக் காட்டி எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்கும் ஆய்வுகள் அப்படிக் கருதுகின்றன.

வாதத்தைச் சோதிக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. ராஜவாய்க்காலின் ஒரே மடையில் கரும்பும் நிற்கிறது, அகத்தியைப் பற்றி ஏறும் வெற்றிலைக் கொடியும் நிற்கிறது. கொடிக்கால்காரர் வெள்ளைக்கொடியோ கற்பூரியோ குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பக் கிள்ளுகிறார். நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்று பரமத்திவேலூர்ச் சந்தையில் விலை போகிறது. விலை ஒரு வாரம் ஏறும், மறுவாரம் விழும். அதனால் நிச்சயம் என்று எதுவுமில்லை. ஆனால் பணம் சின்னச் சின்னதாக வந்துகொண்டிருக்கிறது. ஆண்டு வருமானம் ஏறத்தாழ ஒத்திருக்கும் கரும்பு வீட்டையும் வெற்றிலை வீட்டையும் எடுத்து, அடகுச் சீட்டுகளையும் தூக்கத்தையும் சண்டைகளையும் மாதந்தோறும் குறித்துவந்தால், பணத்தின் அளவையும் அதன் வரத்தையும் பிரித்துப் பார்க்கலாம். கொடிக்காலுக்கு ஆள் அதிகம் வேண்டும், வேலை தெரிந்த குடும்பங்களே அதில் இறங்கும். ஆகவே இரு வகையினரும் முதலிலேயே வேறுபட்டவர்கள் என்ற மறுப்பு வரும். அதற்கு, இரண்டையும் ஒருசேர வைத்திருக்கும் குடும்பங்களைத் தனியே எடுக்க வேண்டும். 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாயாக மகளிர் உரிமைத் தொகை வரும் வீடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் என்பது ஒரு ஏக்கர் கரும்பின் மொத்த வரவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் வாதம் சரியென்றால், கட்டிங் ஆர்டருக்கு முந்தைய மாதங்களில் அந்தத் தொகையின் பலன் அதன் அளவுக்கு மீறித் தெரிய வேண்டும்; கரும்புப் பணம் வந்த மாதங்களில் தெரியாமலே போக வேண்டும். எல்லா மாதங்களிலும் ஒரே அளவாகத் தெரிந்தால், தொகைதான் பேசுகிறது, வரத்து அல்ல என்று நான் ஏற்க வேண்டியிருக்கும்.