கத்தியோடு போனால் போலீஸ் பிடிக்குமா?

கரும்பு வெட்டு சமயத்தில் விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் பக்கம் சைக்கிள் கேரியரில் வெட்டுக்கத்தியைச் செருகிக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே கத்தியோடு ராத்திரி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றால்? போலீஸ் கேட்கும். அப்போது நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது ஒரு பழைய கதை. (பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்காதீங்க. வணிகச் சட்டம் படிக்க உட்கார்ந்து இங்கே வந்துட்டேன்!)

1857-ஐ வெள்ளைக்காரர்கள் மறக்கவே இல்லை. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு! தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருஷம், அதே லிட்டன்தான். பேனா, கத்தி ரெண்டையும் ஒரே மூச்சில் பிடுங்கிவிட்டார்.

அந்தக் கோபத்தில்தான் 1931 கராச்சி காங்கிரஸின் உரிமைப் பட்டியலில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதையே கேட்டபோது அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. அமெரிக்கா மாதிரி இங்கே அது அடிப்படை உரிமை கிடையாது. கூட்டம் கூடுவதற்குக்கூட 'ஆயுதமின்றி' என்றுதான் 19-வது பிரிவு சொல்கிறது.

சரி, உரிமையே இல்லையா? அங்கேதான் 1959 ஆயுதச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வீட்டுக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்யப்பட்ட பொருள் 'ஆயுதம்' ஆகாது. தடி, கைத்தடி என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். (அதைக் காட்டி யாரையாவது மிரட்டினால் வேற கேஸ், சொல்லிட்டேன்.) நிஜமான ஆயுதமாகவே இருந்தாலும் 19-வது பிரிவில் ஒரு வரிசை இருக்கிறது. போலீஸ் முதலில் லைசென்ஸ் கேட்கலாம். அதைக் காட்டாவிட்டால், லைசென்ஸ் தேவையில்லை என்பதையும் நிரூபிக்காவிட்டால், பெயரும் விலாசமும் கேட்கலாம், தேவைப்பட்டால் ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, பொய் விலாசம், ஓடிப்போவான் என்று சந்தேகம் வந்தாலோ, அந்தப் பிரிவின்படி வாரண்ட் இல்லாமல் கைது.

இந்த வரிசை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கிறதா? எங்கள் பக்கத்து இருளர்களைக் கேளுங்கள். எலி பிடிக்கக் கடப்பாரையோடு போகிறவர் மேல் திருட்டுச் சந்தேகம் விழுவது எவ்வளவு சுலபம்! பொய் வழக்குகளுக்கு எதிராகப் போராடும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியில் 1990-களில் திண்டிவனத்தில் பிறந்தது சும்மா இல்லை.

அதே காலத்தில், 1996 டிசம்பரில், டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கு 11 விதிகள் போட்டது. அவற்றில் முக்கியமானவை 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கின்றன. கைது செய்கிறவர் பெயர் தெரியும்படி இருக்க வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்தும் நம் கையெழுத்தும் வேண்டும். போடுவதற்கு முன்னால் தேதியும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.