தீக்குப் பயந்து புதைத்த பெட்ரோல்

அமெரிக்க நகரங்களில் பெட்ரோல் பங்க் தொட்டிகள் மண்ணுக்குள் போனதற்கு முதல் காரணம் தீ பற்றிய அச்சம். தெருவோரத்தில் பெட்ரோலைத் தரைக்கு மேலே தேக்கி வைத்து விற்பது பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஆபத்து. புதைத்துவிட்டால் தீயும் எளிதில் பற்றாது, இடமும் மிச்சம். அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பங்க்குகளால் கெட்டுப்போன மண், நிலத்தடி நீர் ஆகியவற்றின் வரலாறு முழுவதும் இதே கதைதான் வேறு வேறு வடிவத்தில் நடந்திருக்கிறது. கண்ணெதிரே நின்ற ஓர் ஆபத்தை நீக்கினார்கள்; அதன் செலவு கண்ணுக்கு எட்டாத தண்ணீரின் கணக்கில் ஏறியது. அலட்சியமும் பேராசையும் இந்தக் கதையில் உண்டு. எனினும் பெரும் சேதங்கள் சில நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவுகளிலிருந்தே வந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்கள் பெருகியபோது புதைக்கப்பட்டவை பெரும்பாலும் வெறும் எஃகுத் தொட்டிகள். ஈரமண்ணில் எஃகு துருப்பிடிக்கும் என்பது யாருக்கும் தெரியாத செய்தியல்ல. தொட்டியில் எவ்வளவு மீதம் என்று பார்க்க, நிரப்பும் குழாய் வழியே அளவுகோலை இறக்குவார்கள். நாள்தோறும் அந்தக் கோலின் நுனி ஒரே இடத்தில் இடித்து இடித்து அடித்தகடு தேய்ந்து, அங்கேயே ஓட்டை விழுந்த தொட்டிகளும் உண்டு. பின்னாளில் அந்த இடத்துக்கு நேர் கீழே தனியாக ஒரு தகடு வைக்க வேண்டியதாயிற்று. கணக்கில் சில காலன்கள் குறைந்தால் ஆவியாகிப் போயிருக்கும், குளிரில் சுருங்கியிருக்கும் என்று எழுதிவிடலாம். சிறு கசிவுக்கு அந்தக் கணக்கே நல்ல மறைப்பு.

1983இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி இதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் புதைதொட்டிகளுக்குத் தனிச் சட்டப்பிரிவு இயற்றியது. 1986இல், துப்புரவுச் செலவுக்காக ஒரு காலன் எரிபொருளுக்கு 0.1 சென்ட் வரி விதித்து நிதியம் ஒன்றும் அமைத்தது. 1988இல் வந்த விதிகள் பழைய தொட்டிகளைத் துருவிலிருந்து காக்கவோ, மாற்றவோ, மூடவோ 10 ஆண்டு அவகாசம் தந்தன. கெடு 1998 டிசம்பர் 22. சிறு கடைக்காரர்களை இது நசுக்கியது என்ற புகார் பொய்யில்லை. செலவைத் தாங்க முடியாமல் பலர் மூடிவிட்டுப் போனார்கள். ஆனால் மலிவான தொட்டியின் மிச்சச் செலவை அதுவரை பக்கத்துக் கிணற்றுக்காரர் அல்லவா சுமந்து வந்தார்?

தோண்டத் தொடங்கிய பிறகுதான் துப்புரவு எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. நீரை இறைத்துச் சுத்திகரிப்பது ஆண்டுக்கணக்கில் நீளும். மண் துகள்களில் ஒட்டிய பெட்ரோல் திரும்பத் திரும்பக் கரைந்து வரும். மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சும் முறை மணற்பாங்கான நிலத்தில் நன்றாக வேலை செய்தது, களிமண்ணில் தடுமாறியது. மண்ணில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜனும் உரமும் கொடுத்தால் அவையே பெட்ரோலைத் தின்னும் என்பதை, பென்சில்வேனியாவின் ஆம்ப்ளரில் குழாய்க் கசிவு ஒன்றைச் சுத்தம் செய்கையில் ஆய்வாளர் ரிச்சர்ட் ரேமண்ட் 1970களிலேயே காட்டியிருந்தார். 1995இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் கலிஃபோர்னியாவின் கசிவிடங்களைத் தொகுத்துப் பார்த்து, பெட்ரோலிலுள்ள நச்சான பென்சீனின் பரவல் பெரும்பாலும் சிறிது தூரத்திலேயே நின்றுவிடுகிறது, பல இடங்களில் இயற்கையையே நம்பலாம் என்றது. அப்படியானால் இத்தனை கோடிகளைக் கொட்ட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. பென்சீனைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் வாதத்தில் வலு இருந்தது.

ஆனால் அந்த ஆண்டு பெட்ரோலே மாறிவிட்டிருந்தது. ஈயத்துக்கு மாற்றாக 1979 முதல் சிறிதளவு சேர்க்கப்பட்டுவந்த எம்டிபிஇ என்ற ஆக்சிஜன் சேர்மம், 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தங்கள் அத்தகைய சேர்மங்களைக் கட்டாயமாக்கிய பிறகு பல நகரங்களில் பெட்ரோலின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியது. பென்சீனைவிட இது தண்ணீரில் பல மடங்கு கரையும், மண்ணில் ஒட்டாது, பாக்டீரியாவுக்கும் எளிதில் இரையாகாது. நூறு கோடிப் பங்கு நீரில் 20 முதல் 40 பங்கு கலந்தாலே நாற்றமும் கசப்பும் தெரியும். 1996இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம், எம்டிபிஇ கலந்துவிட்ட சார்னாக், ஆர்க்கேடியா கிணறுகளை மூடியது. நகரின் குடிநீரில் ஏறத்தாழப் பாதி ஒரே வீச்சில் போயிற்று. சார்னாக் நீர் கரி வடிகட்டிகள் வழியே மறுபடி குழாய்க்கு வர ஏறக்குறைய 15 ஆண்டு ஆனது.

குற்றம் ஓட்டைத் தொட்டியுடையது, எம்டிபிஇயுடையது அல்ல என்று தயாரிப்பாளர்கள் வாதாடினார்கள். காற்று தூய்மையானதும் உண்மைதானே என்றார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் தொட்டிகளைச் சரிசெய்ய 1998 வரை அவகாசம் கொடுத்த அதே அரசு, அந்தத் தொட்டிகளுக்குள் 1995லேயே புதுக் கலவைப் பெட்ரோலை ஊற்ற வைத்தது. கசியும் என்று தெரிந்தே காலக்கெடு வைத்தவர்கள், கசிந்தால் எது வெளியே வரும் என்று பார்க்கவில்லை. காற்றுக்கு ஓர் அலுவலகம், தொட்டிக்கு ஓர் அலுவலகம் என்று இருந்தால் இப்படித்தான் நடக்கும். 1999இல் கலிஃபோர்னியா ஆளுநர் கிரே டேவிஸ் எம்டிபிஇயை விலக்க ஆணையிட்டார். 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் ஆக்சிஜன் சேர்மக் கட்டாயத்தையே நீக்கியது. எம்டிபிஇயின் இடத்துக்கு எத்தனால் வந்தது. எத்தனால் விரைவில் சிதையும், எம்டிபிஇ போலக் கிணற்றில் தங்காது. ஆனால் பாக்டீரியாக்கள் அதை முதலில் தின்று நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், கூடவே கசிந்த பென்சீன் சிதையாமல் இன்னும் சற்றுத் தொலைவு போகிறது. தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரையும் எத்தனால் தன்னோடு இழுத்துக்கொள்ளும். இந்தியப் பங்க்குகளில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையாகிறது.