பல்லக்குத் தூக்கியின் மகன்



நமது மலாக்காவைப் போர்த்துகீசியர் ஆண்டு கொண்டிருந்த காலம். அப்போது வட இந்தியாவில் அக்பர் 1556 முதல் 1605 வரை அரசாண்டார். அவருடைய அரண்மனையில், கையெழுத்துப் புத்தகங்களுக்கு வண்ணப்படம் தீட்டும் ஓவியக்கூடம் இருந்தது. முஸ்லிம் ஓவியர்களும் இந்து ஓவியர்களும் அங்கே ஒன்றாகவே வேலை பார்த்தார்கள்.

அவர்களில் ஒருவர் தஸ்வந்த். பல்லக்குத் தூக்கியின் மகன் என்று அரசவை அறிஞர் அபுல் ஃபசல் எழுதி வைத்திருக்கிறார். ஆசை மிகுதியால் சுவர்களில்கூடப் படம் வரைவாராம். அது மன்னர் கண்ணில் பட்டது. விரட்டினாரா? இல்லை! பாரசீகத்திலிருந்து வந்த குவாஜா அப்துஸ் சமத் என்னும் ஆசானிடம் சேர்த்துவிட்டார். 1582இல் அக்பர் கட்டளைப்படி மகாபாரதம் பாரசீக மொழியில் பெயர்க்கப்பட்டது. அந்நூலின் படங்கள் பலவற்றை அமைத்தவர் இந்தத் தஸ்வந்த்தான்.

அக்பரின் மகன் ஜஹாங்கீர். அவரைப் பிசித்தர் என்பவர் தீட்டிய படமொன்று வாஷிங்டனில் இருக்கிறது. மன்னர் ஒரு சூஃபி ஞானிக்குப் புத்தகம் கொடுக்கிறார். துருக்கி சுல்தானும் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸும் அந்த ஞானிக்குக் கீழேதான் நிற்கிறார்கள்! மணிமுடியைவிட அறிவுக்கே முதலிடம். அதே படத்தில் ஓவியர் தம்மையும் ஒரு மூலையில் வரைந்திருக்கிறார்.

கோலா சுங்கை பாரு பெற்றோர்களே! "பால்மரம் வெட்டுறவன் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?" என்று யாராவது கேட்டால், தஸ்வந்த் கதையைச் சொல்லுங்கள். பிள்ளை சுவரில் கிறுக்கினால் அடிக்காதீங்க. தாளும் பென்சிலும் வாங்கிக் கொடுங்க. நல்ல ஆசிரியரிடம் அனுப்பி வையுங்க.

மாணவச் செல்வங்களே, பிறப்பு எதுவானாலும் உழைப்பு உங்களை உயர்த்தும்!