பட்டா போய் டயர் வந்த கதை

கடலூர் வட்டாரத்து மாட்டுவண்டியின் வரலாற்றில் பெரிய திருப்பம், மார்பளவு உயர்ந்த மரச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சிறிய, அகன்ற காற்று டயரைப் பூட்டியதுதான். 1888-ல் டன்லப் சைக்கிளுக்காகச் செய்த காற்று டயர், 1936-ல் வங்காளத்துச் சாகாகஞ்சில் டன்லப் பெயரிலான டயர் ஆலை எழுந்தபின் நம் வண்டிக்கும் எட்டியது. பழைய சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் அழகுதான். ஆனால் மொத்தச் சுமையும் ஒடுங்கிய இரும்புப் பட்டாவின் விளிம்பில் இறங்கி, மண்சாலையை உழுதுவிடும். பாரி கம்பெனியின் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகளுக்கு இது சிறு குறையல்ல. அகன்ற டயர் பாரத்தைப் பரப்புகிறது. மை போட்ட அச்சின் உராய்வைப் பேரிங் குறைக்கிறது. தட்டு தாழ்வதால் ஏற்றி இறக்குவதும் எளிது. மாட்டின் கழுத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு வரவில்லை என்பேன்.

பெரிய சக்கரமே பள்ளத்தை எளிதில் கடக்கும் என்பார்கள். உண்மை, சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வீராணம் பாசனக் களிமண் வயலில் அந்த நியாயம் செல்லும். தார்ச்சாலையில் செல்லாது. தச்சரும் கொல்லரும் பிழைப்பை இழந்தார்களே என்ற கேள்விதான் கனமானது. அந்த இழப்பை எந்த லாபக் கணக்கிலும் கழித்துவிட முடியாது. சக்கரத்தின் அளவோ சாலையைப் பொறுத்தது. இன்று சிறு காருக்கு விட்டம் குறைந்த அலாய் வீலும் அகன்ற டயரும் தேடுகிறவரும், எந்தச் சாலைக்கு என்ற அதே கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.