கோஷு: நூறாண்டு காத்திருந்த ஒயின்

ஜப்பானிய மது என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது அரிசியிலிருந்து செய்யும் சாக்கேதான். அந்த நாட்டில் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயினும் செய்கிறார்கள். அதற்குப் பின்னால் இரண்டு இளைஞர்களின் கதை ஒன்று இருக்கிறது.

ஃபூஜி மலைக்கு வடக்கே யாமனாஷி மாநிலம். அங்குள்ள கட்சுநுமா கிராமத்தில் கோஷு என்ற திராட்சையைப் பல நூற்றாண்டுகளாகப் பந்தலில் படரவிட்டு வளர்த்து வந்தார்கள். தோல் இளஞ்சிவப்பாக இருக்கும், சாறு வெளிறியது. அதைப் பழமாகத்தான் சாப்பிட்டார்கள். மெய்ஜி அரசுக்கு வேறு கணக்கு இருந்தது. திராட்சையில் மது செய்தால் சாக்கேவுக்குப் போகும் அரிசி மிச்சமாகும், இறக்குமதியும் குறையும்.

1877இல் அங்கே ஒரு ஒயின் கம்பெனி தொடங்கினார்கள். அதே ஆண்டு தகானோ மசநாரி, சுசியா ரியூகென் என்ற இருவரைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். மூத்தவருக்கு வயது 25, இளையவருக்கு 19. ட்ருவா நகரப் பகுதியில் கொடி வளர்ப்பதையும் ஒயின் செய்வதையும் கற்றுக்கொண்டு 1879இல் ஊர் திரும்பினார்கள்.

ஒயின் செய்தார்கள், ஆனால் வாங்க ஆளில்லை. சோறும் மீனும் மிசோ சூப்பும் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அந்தப் புளிப்பு ஒத்துவரவில்லை. 1886இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். மக்கள் விரும்பியது இனிப்பு. 1907இல் தோரீ ஷின்ஜிரோ கொண்டுவந்த ‘அகதாமா’ என்ற இனிப்பு ஒயின்தான் நாடெங்கும் விற்றது.

இரண்டாம் உலகப் போரின்போது ஒயினுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. குடிப்பதற்காக அல்ல. ஒயினில் படியும் டார்டாரிக் அமிலத்திலிருந்து ரோஷெல் உப்பு கிடைக்கும். நீர்மூழ்கிக் கப்பல்களை ஒலியால் கண்டுபிடிக்கும் கருவிக்கு அது வேண்டியிருந்தது.

கோஷுவின் குறை அதன் மென்மைதான்: மணமும் குறைவு, சுவையும் குறைவு. 1980களில் ஒயினை நொதித்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே சில மாதங்கள் விட்டுவைக்கும் பிரெஞ்சு முறையைக் கையாண்டு பார்த்தார்கள். இனிப்புச் சேர்க்காமலே சுவை கூடியது. 2010இல் சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பு கோஷுவைத் தன் பட்டியலில் சேர்த்தது. 2013இல் ‘யாமனாஷி’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் சில நேரம் வாயில் ஒரு கவிச்சை வாடை தங்கும். ஒயினில் உள்ள இரும்புச் சத்து அதற்கு ஒரு காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். கோஷு லேசானது, நாரத்தை, எலுமிச்சை போன்ற மணம் உண்டு. சுஷி, பச்சை மீன் துண்டுகளான சஷிமி, உப்புத் தடவிச் சுட்ட மீன், தெம்புரா பஜ்ஜி, இவற்றின் சுவையை அது அமுக்குவதில்லை. எந்த மென்மையைக் குறை என்றார்களோ, அதுவே இங்கே பொருத்தமாகிவிட்டது.

அந்த இரண்டு இளைஞர்களும் தோற்றுப்போனார்கள் என்று 1886இல் யாரேனும் எழுதியிருந்தால், அன்றைய கணக்குப்படி அது சரிதான். அவர்கள் கொண்டுவந்த தொழில் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. கட்சுநுமாவில் இன்றும் ஒயின் செய்கிறார்கள்.