ஒரே டிக்கெட்டில் கொழும்பு

ஆப்பிரிக்காவில் நாடு விட்டு நாடு ரயில் பாதை போட்டு வியாபாரத்தைப் பெருக்கப் போகிறார்கள் என்று அடிக்கடி செய்தி படிக்கிறீர்கள், இல்லையா? அதை நாம் 1914-லேயே செய்து பார்த்தாயிற்று.

எழும்பூரில் ஒரே டிக்கெட். போட் மெயில் உங்களைத் தனுஷ்கோடியில் இறக்கிவிடும். அங்கிருந்து நீராவிக் கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். தலைமன்னாரில் கொழும்பு ரயில் தயாராக நிற்கும். இதற்காகத்தான் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல்மேல் பாம்பன் பாலம் கட்டினார்கள்.

பி.காம். படித்தவன் புத்தி கணக்கில்தானே போகும்? நம் பக்கம் மீட்டர்கேஜ், சிலோனில் அகலப்பாதை. பெட்டிகளை அப்படியே கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனாலும் அக்கரையில் ஓடாது. மூட்டையை இறக்கு, ஏற்று, மறுபடி இறக்கு, ஏற்று. ஒவ்வொரு தடவையும் கூலி, சேதாரம்.

ஆப்பிரிக்காவிலும் இதே தலைவலி. ஜாம்பியாவின் தாமிரத்துக்காக 1,860 கிலோமீட்டர் பாதையைச் சீனா 1970-களில் போட்டுக் கொடுத்தது. பாதை கிடைத்தது, தார் எஸ் சலாம் துறைமுகத்தில் சரக்கு தேங்கிவிட்டது. 1978-ல் ஜாம்பியா மறுபடி பழைய தெற்கு வழியையும் திறக்க வேண்டியதாயிற்று.

நம் பாதையில் தடங்கலில்லாமல் போன சரக்கு ஒன்று உண்டு: மனிதர்கள். திருச்சி, மதுரை, சேலம் ஜில்லாக்களில் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். பொம்மிடிக்குப் போய் ரயில் பிடிக்கிற நம்ம பாப்பிரெட்டிப்பட்டியும் 1965 வரை சேலம் ஜில்லாதான். மண்டபம் முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்த்து, தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பாஸ்போர்ட்டாவது, விசாவாவது!

1948-ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் ஒரே நாளில் நாடற்றவர்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு அடித்த புயல், பயணிகளோடு ஒரு ரயிலையும் தனுஷ்கோடியையும் விழுங்கியது.

போட் மெயிலின் கடைசி ஸ்டேஷன் ராமேஸ்வரமாகச் சுருங்கியது. அங்கிருந்து ஓடிய கப்பல்தான் அந்தக் குடும்பங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. பாட்டன் போன அதே கடல்வழி. பேரனுக்கு முன்பின் பார்த்திராத ஊர். போர் மூண்டதும், 1980-களில் அந்தக் கப்பலும் நின்றது.

ராமேஸ்வரம் பாதை 2007-ல் அகலப்பாதையானது. போரில் சிதைந்த தலைமன்னார் பாதையில் 2015-ல் மறுபடி ரயில் ஓடியது. இப்போது இரண்டு கரையிலும் தண்டவாளத்தின் அகலம் ஒன்றுதான்.